அழைத்தால் வருபவர் யார்? உற்பத்தி லைனில் ஆன்டான் விளக்கு அமைக்கும் முறை

கார்க் கதவின் உட்பாகங்களைப் பூட்டும் ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். அறுபது விநாடிக்கு ஒரு கதவு என்று கன்வேயர் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஏழாவது ஸ்டேஷனில் நிற்கும் பெண் நான்கு திருகாணிகளை முறுக்க வேண்டும். மூன்றாவது திருகாணி இறுகாமல் சும்மா சுற்றுகிறது. அடுத்த கதவு வருவதற்கு அரை நிமிடம்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கதவை அடுத்தவருக்கு அனுப்பிவிடலாம். அல்லது இடத்தை விட்டு சூப்பர்வைசரைத் தேடிப் போகலாம். திரும்புவதற்குள் இரண்டு கதவுகள் அவரைக் கடந்து போயிருக்கும். இல்லையென்றால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து, தன் ஸ்டேஷனின் விளக்கை எரியவிட்டு, வேலையைத் தொடர்ந்தபடியே உதவிக்குக் காத்திருக்கலாம். இந்த மூன்றாவது வழி மற்ற இரண்டையும்விட எளிதாகவும் அச்சமற்றதாகவும் இருக்கும்படி செய்வதுதான் ஆன்டான் என்ற ஏற்பாட்டின் முழு நோக்கம்.

ஆன்டான் என்பது ஜப்பானில் காகிதம் போர்த்திய விளக்கின் பெயர். தமிழ்க் காதுக்கு இந்தச் சொல் ‘ஆண்டான் அடிமை’ என்பதில் வரும் ஆண்டானைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் இங்கே அழைப்பவர் லைனில் நிற்கும் தொழிலாளி, ஓடிவர வேண்டியவர் அவருக்கு மேலே இருப்பவர். இந்தத் தலைகீழ் முறையை ஏற்றுக்கொள்ளாத தொழிற்சாலையில் விளக்கு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் பயன்படாது என்பது என் அனுபவம்.

இதன் வேர் நெசவில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்த உடனே தானாக நின்றுவிடும். பிழையான துணி மேலும் நெய்யப்படாது, ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்கவும் முடிந்தது. பிழை தெரிந்த இடத்திலேயே நிறுத்து என்ற அந்தக் கொள்கைக்கு ஜிடோக்கா என்று பெயர். 1937-இல் தொடங்கப்பட்ட டொயோட்டா மோட்டார் நிறுவனத்தில் தாயிச்சி ஓனோ போன்ற பொறியாளர்கள் அதே கொள்கையை மனிதர்கள் நிற்கும் லைனுக்குக் கொண்டுவந்தார்கள். தறியில் நூல் செய்ததைக் காரில் தொழிலாளியின் கையும் கயிறும் செய்தன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலை, டொயோட்டாவுடன் கூட்டாக 1984-இல் நம்மி என்ற பெயரில் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையின் தொழிலாளர்களே. முன்பு லைனை நிறுத்துவதைக் குற்றமாகக் கண்ட அதே கட்டடத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கயிற்றை இழுக்கும் உரிமை தரப்பட்டது. ஆட்கள் பெரும்பாலும் மாறாமலேயே ஆலையின் தரம் மாறிய கதையாக அது இன்றும் பேசப்படுகிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளில் கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஆலைகள் பலவற்றில் இன்று ஆன்டான் போர்டைக் (எந்த ஸ்டேஷனிலிருந்து அழைப்பு என்று காட்டும் பலகையை) காணலாம். எனினும் பல இடங்களில் முதலில் விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, யார் வருவது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையை மாற்றி எழுதப்பட்டது: முதலில் பிரச்சினைகள், அடுத்து வருபவர், அதற்குப் பிறகே விளக்கு.

முதலில் ஒரு வாரம் நின்று பாருங்கள்

ஒரே ஒரு லைனைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஷிஃப்டுகளையும் தொடும்படி ஒரு வாரம் தாளும் பேனாவுமாக அதன் அருகில் நில்லுங்கள். ஒருவர் கை நிற்கும் ஒவ்வொரு முறையும் எந்த ஸ்டேஷன், என்ன காரணம், யாருக்காகக் காத்திருந்தார், எவ்வளவு நேரம் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கணினியில் இருக்கும் நிறுத்தப் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட பெரிய நிறுத்தங்கள் இருக்கும். ஆனால் திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபீடரில் ஒன்று சிக்கிக்கொண்டு இருபது விநாடி போனது, பெட்டியில் கிளிப் தீர்ந்து பக்கத்து ஸ்டேஷனில் கடன் வாங்கியது, அளவுமானியில் ஐயம் வந்து இருமுறை அளந்தது போன்றவை எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆன்டான் உண்மையில் பிறந்திருப்பது இந்தச் சிறு நிறுத்தங்களுக்காக.

வார இறுதியில் அந்தத் தாளை, காரணத்தின்படி அல்லாமல், யார் வந்தால் தீரும் என்பதன்படி பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு குவியல்கள் கிடைக்கும்: லைன் லீடர் (லைனில் சிலருக்குப் பொறுப்பானவர்) வந்து கை கொடுத்தால் தீர்வது, ஸ்டோரிலிருந்து பொருள் வந்தால் தீர்வது, தரப்பிரிவினர் பார்த்து ஏற்கவோ விலக்கவோ வேண்டியது, மெயின்டனன்ஸ் ஆள் கருவியோடு வர வேண்டியது. இந்தக் குவியல்களின் எண்ணிக்கைதான் உங்களுக்கு வேண்டிய அழைப்பு வகைகளின் எண்ணிக்கை. விற்பனையாளரின் அட்டவணையில் ஐந்து நிற விளக்கு இருக்கிறது என்பதற்காக ஐந்தாவது வகை ஒன்றை உருவாக்கக் கூடாது. ஸ்டேஷனில் நிற்பவர் எந்தப் பட்டனை அழுத்துவது என்று ஒரு விநாடி யோசிக்க நேர்ந்தாலே வகைகள் அதிகம் என்று பொருள். சிறிய லைனுக்கு ஒரே பட்டன் போதும். லீடர் வருவார், வேறு யாரை அழைப்பது என்பதை அவர் முடிவு செய்வார்.

வருபவருக்கான கணக்கு

எல்லோரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். ஆகவே இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

இருபத்து நான்கு பேர் நிற்கும் ஒரு லைனில், ஒவ்வொருவரும் சராசரியாக மணிக்கு ஒரு முறை அழைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அழைப்புக்குப் போய், பார்த்து, சரிசெய்து திரும்ப ஒன்றரை நிமிடம் ஆகிறது. அப்படியானால் மணிக்கு 24 அழைப்புகள், 36 நிமிட வேலை. ஒரே லைன் லீடரால் இதைச் செய்துவிட முடியும், மீதி 24 நிமிடம் சும்மாதானே இருப்பார் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் முறைவைத்து வருவதில்லை. ஒரு மணி நேரத்தில் 36 நிமிடம் ஒருவர் வேலையில் இருக்கிறார் என்றால், எதேச்சையாக வரும் பத்து அழைப்புகளில் ஆறு, அவர் வேறு ஸ்டேஷனில் குனிந்திருக்கும்போதுதான் வரும். அந்த ஆறு பேரும் எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த வாரம் அவர்கள் பட்டனை அழுத்தமாட்டார்கள். அதே லைனை இரண்டாகப் பிரித்து, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்தால், அவர் மணிக்கு 18 நிமிடம் மட்டுமே வேலையில் இருப்பார். பத்தில் மூன்று அழைப்புகள் காத்திருக்கும். எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் 12 நிமிடம், பத்தில் இரண்டு. என் பரிந்துரை, தொடக்கத்தில் ஐந்து முதல் எட்டுப் பேருக்கு ஒரு லீடர் என்பதே. அந்த லீடருக்குத் தனி ஸ்டேஷன் கொடுத்து அவரையும் லைனில் கட்டிப்போட்டால் இந்தக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும்.

கூடுதல் ஆளுக்கு நிர்வாகம் ஒப்புக்கொள்ளாது என்ற பதில் உடனே வரும். அப்போது கையில் இருக்கும் ஒரு வாரத் தாளைக் காட்டுங்கள். ஒவ்வொருவரும் காத்திருந்த விநாடிகளையும் லைன் முழுவதும் நின்ற நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், வராத லீடரின் விலை எவ்வளவு என்பது அவர்களுக்கே தெரியும். அப்படியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், எத்தனை ஸ்டேஷன்களுக்கு உண்மையில் ஆள் வர முடியுமோ அத்தனைக்கு மட்டும் விளக்கு போடுங்கள். வருவார் என்ற உறுதி இல்லாத இடத்தில் விளக்கு மாட்டுவது அந்த ஸ்டேஷனில் நிற்பவருக்குச் செய்யும் துரோகம்.

லீடரால் தீராத அழைப்பு யாரிடம் போக வேண்டும் என்பதையும் இப்போதே எழுதிவிட வேண்டும். ஒரு சைக்கிள் நேரத்துக்குள், அதாவது ஒரு ஸ்டேஷனில் ஒரு சுற்று வேலை முடியும் நேரத்துக்குள் லீடர், மூன்று நிமிடம் தாண்டினால் ஷிஃப்ட் சூப்பர்வைசரும் மெயின்டனன்ஸும், பத்து நிமிடம் தாண்டினால் உற்பத்தி மேலாளர் என்று வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். நேரங்கள் உங்கள் லைனுக்கேற்ப மாறலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் பதவியின் பெயரோடு, அந்த ஷிஃப்டில் அந்தப் பொறுப்பில் இருப்பவரின் பெயரும் ஷிஃப்ட் பலகையில் இருக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் மேலாளர் இல்லை என்றால் அவருக்குப் பதில் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நிறங்கள்

இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 என்ற பன்னாட்டுத் தரநிலை விளக்கு நிறங்களுக்குப் பொருள் வகுத்திருக்கிறது. சிவப்பு ஆபத்தான நிலை, மஞ்சள் இயல்பு தவறிய நிலை, நீலம் ஆபரேட்டர் கட்டாயம் ஏதேனும் செய்ய வேண்டிய நிலை, பச்சை இயல்பான ஓட்டம், வெள்ளை இவற்றுக்கு அப்பாற்பட்ட பொதுவான செய்தி. நிற விளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய டவர் லேம்பில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, வெள்ளை என்ற வரிசையையும் அது குறிப்பிடுகிறது. இயந்திரத்தின் மேல் உள்ள டவர் லேம்ப் இயந்திரத்தின் நிலையைச் சொல்வது. ஆன்டான் மனிதரின் அழைப்பைச் சொல்வது. இரண்டும் ஒரே கம்பத்தில் இருந்தால் குழப்பம் வரும். இயந்திரம் தானே எரியவிட்ட மஞ்சளா, அங்கே நிற்பவர் எரியவிட்ட மஞ்சளா என்று தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாவிட்டால் லீடர் கருவி எடுக்க ஓடுவதா, கை கொடுக்க ஓடுவதா என்று தெரியாமல் நிற்பார். ஆகவே அழைப்பு விளக்கைத் தனியாக, லைனுக்கு மேலே, ஸ்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அழைப்பு விளக்குக்கு நான் பயன்படுத்துவது எளிமையானது: பச்சை நிலையாக எரிந்தால் ஓட்டம் இயல்பு, மஞ்சள் மினுக்கினால் அழைத்திருக்கிறார், இன்னும் யாரும் வரவில்லை, மஞ்சள் நிலையாக எரிந்தால் லீடர் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், சிவப்பு எரிந்தால் லைன் நின்றுவிட்டது. மினுக்குவதற்கும் நிலையாக எரிவதற்கும் உள்ள இந்த வேறுபாடு சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு லீடர்கள் ஒரே ஸ்டேஷனுக்கு ஓடுவதையும், யாரோ போயிருப்பார்கள் என்று எண்ணி இருவருமே போகாமல் இருப்பதையும் அது ஒன்றே தடுக்கிறது. பச்சையை ஏன் எப்போதும் எரியவிட வேண்டும் என்று மின்கட்டணத்தை நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. எல்லா விளக்கும் அணைந்திருப்பதே இயல்பு என்று வைத்தால், கம்பி அறுந்த ஸ்டேஷனும் நலமாக ஓடும் ஸ்டேஷனும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். பச்சை எரிந்தாக வேண்டும் என்றால், இருண்ட விளக்கே பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், எந்த ஆலையிலும் இருப்பார்கள். பலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. ஆகவே எந்தச் செய்தியையும் நிறத்தால் மட்டும் சொல்லாதீர்கள். சிவப்பு எப்போதும் மேலே, பச்சை எப்போதும் கீழே என்று இடத்தாலும், மினுக்கலாலும், ஸ்டேஷன் எண்ணாலும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பட்டன், கயிறு, கம்பி

ஒருவர் நின்ற இடத்திலேயே வேலை செய்தால் பட்டன் போதும். காரோடு சேர்ந்து நடந்து வேலை செய்பவருக்குக் கயிறுதான் பொருத்தம். அவர் ஸ்டேஷனின் எந்த முனையில் இருந்தாலும் கைக்கு எட்டும். கயிற்றில் ஒரு குறை உண்டு: தரையில் பொருள் வண்டி ஓட்டுபவரும், ஏணி தூக்குபவரும் அறியாமல் இடித்துவிடுவார்கள். கயிற்றின் உயரத்தை முடிவு செய்வதற்கு முன், அந்த ஸ்டேஷனில் எல்லா ஷிஃப்டிலும் நிற்பவர்களில் மிகவும் குள்ளமானவரை நிறுத்தி, கையுறையோடு எட்டச் சொல்லிப் பாருங்கள். சராசரி உயரத்துக்குக் கட்டிய கயிறு பாதிப்பேருக்கு எட்டாது.

ஆன்டான் அழைப்பும் எமர்ஜென்சி ஸ்டாப்பும் வேறு வேறு என்பதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. ஐஎஸ்ஓ 13850 தரநிலையின்படி எமர்ஜென்சி ஸ்டாப் சிவப்பு நிறத்தில், மஞ்சள் பின்னணியில் இருக்க வேண்டும். அழுத்தினால் இயந்திரத்தின் ஆபத்தான இயக்கம் உடனே நிற்க வேண்டும், கையால் விடுவிக்கும்வரை மீண்டும் ஓடக் கூடாது. ஆன்டான் பட்டனுக்கு அந்த நிறச்சேர்க்கையும் காளான் வடிவமும் தரவே கூடாது. ஒருவரின் கை சிக்கிக்கொண்ட நொடியில் பக்கத்தில் இருப்பவர் ஆன்டான் கயிற்றை இழுத்துவிட்டு, லைன் நிற்கும் என்று நம்பிக் காத்திருப்பது நடக்கக் கூடாத ஒன்று. பயிற்சியின் முதல் நாளில், இரண்டையும் அவர்கள் கையாலேயே அழுத்தச் செய்து வேறுபாட்டைக் காட்டுங்கள்.

கம்பி வேலை பெரிதல்ல. விளக்கு, பட்டன் இரண்டுக்கும் 24 வோல்ட் நேர்மின்சாரம் போதும். தொழிலாளியின் கை தொடும் கயிற்றுச் சுவிட்சுக்கு 230 வோல்ட்டைக் கொண்டுவராதீர்கள். அழைப்பு ஒருமுறை பதிவானால் அது தாங்கி நிற்க வேண்டும். பட்டனிலிருந்து கை எடுத்ததும் அணைந்துவிடக் கூடாது. அதை நீக்கும் ரீசெட் பட்டன் அந்த ஸ்டேஷனிலேயே இருக்க வேண்டும். அலுவலக அறையிலிருந்தோ கணினியிலிருந்தோ அழைப்பை அணைக்க முடியும் என்றால், யாரும் நேரில் வராமலே அணைக்கப்படும் நாள் விரைவில் வரும். பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இல்லாத சிறிய பட்டறையில் தாங்கும் ரிலே (ஒருமுறை அழுத்தினால் நிலைத்து நிற்கும் மின்சுவிட்ச்) ஒன்று, பவர் சப்ளை ஒன்று, இரண்டு விளக்கு, ஒரு பசர் ஆகியவற்றைக் கொண்டே இதை நிறைவாகச் செய்துவிடலாம். திருப்பூரின் தையல் லைன்களில் இயந்திரத்துக்கு ஒரு சிறு விளக்கும் சுவிட்சும் இருந்தாலே, ஊசி உடைந்தவர் மெக்கானிக்கைத் தேடி எழுந்து போக வேண்டியதில்லை.

விளக்கை மாட்டுவதற்கு முன் அதே உயரத்தில் ஒரு வண்ண அட்டையைக் கட்டிவிட்டு, லீடர் வழக்கமாக நிற்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் பாருங்கள். பொருள் அடுக்கும் ரேக், காற்றுக் குழாய், தொங்கும் கருவி என்று எதுவும் குறுக்கே வரக் கூடாது. கூரையில் ஒளிபுகும் ஷீட் பதித்த கட்டடங்களில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். இரவில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் விளக்கு அந்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்பதே தெரியாமல் போவதை நான் கண்டிருக்கிறேன்.

நகரும் லைனில் நிற்கும் இடம்

கயிற்றை இழுத்த கணமே கன்வேயர் நின்றால் எல்லா ஸ்டேஷனிலும் பாதி முடிந்த வேலை அப்படியே நின்றுபோகும். மீண்டும் ஓடும்போது யார் எந்தத் திருகாணியோடு நிறுத்தினார் என்பது மறந்து, ஒரு பிழையைத் தடுக்கப் போய்ப் பத்துப் பிழைகள் உருவாகும். அதனால்தான் டொயோட்டா முறையில் கயிறு இழுத்தவுடன் லைன் நிற்பதில்லை. அழைப்பு மட்டும் போகிறது; கார் அந்த ஸ்டேஷனின் முடிவுக்கோட்டை அடைவதற்குள் லீடர் வந்து பிரச்சினையைத் தீர்த்தோ, தீர்க்க முடியும் என்று உறுதி செய்தோ மறுபடி இழுத்துவிட்டால் லைன் நிற்காது. இல்லையெனில் எல்லோருடைய வேலையும் ஒரு சுற்று முடியும் அந்த நிலையான இடத்தில் நிற்கும்.

இதை அமைக்கத் தரையில் இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று ஸ்டேஷனின் முடிவுக்கோடு. மற்றது அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கைக் கோடு. பொருள் இந்தக் கோட்டை எட்டும்போது இந்த வேலை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை என்றால் இழு என்பது அதன் பொருள். எச்சரிக்கைக் கோட்டைக் கண்ணளவாகப் போடாமல் கணக்குப் போட்டு வையுங்கள். ஸ்டேஷன் நீளம் 6 மீட்டர், சுற்று நேரம் 60 விநாடி என்றால் கன்வேயர் விநாடிக்கு 10 செ.மீ. நகர்கிறது. கோட்டை 70 விழுக்காட்டில், அதாவது 4.2 மீட்டரில் போட்டால் மீதம் 1.8 மீட்டர், 18 விநாடி. லீடர் விளக்கைக் கவனிக்க 4 விநாடி, வந்து பார்த்து முடிவெடுக்க 5 விநாடி என்று கழித்தால் நடக்க 9 விநாடி மிஞ்சும். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற சாதாரண நடையில் அது ஏறக்குறைய 11 மீட்டர். நடுவில் நிற்கும் லீடர் இருபுறமும் 11 மீட்டர்தான் எட்டுவார். அவரால் மூன்று ஸ்டேஷன்களை, மிஞ்சினால் நான்கை, கவனிக்க முடியும். கோட்டை 60 விழுக்காட்டுக்கு முன்னே கொண்டுவந்தால் மீதம் 24 விநாடி, நடக்க 15 விநாடி, இருபுறமும் 18 மீட்டர், ஆறு ஸ்டேஷன்கள். கோடு எங்கே என்பதும் லீடர்கள் எத்தனை பேர் என்பதும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது இதிலிருந்து விளங்கும். லீடர் ஓடினால் கூடுதல் தூரம் எட்டலாமே என்று இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். எண்ணெய் சிந்திய தரையில் யாரையும் ஓடவைக்கும் ஏற்பாடு ஏற்பாடே அல்ல.

நின்ற லைன் மீண்டும் ஓடுவதற்கு முன் சில விநாடிகள் எச்சரிக்கை ஒலி வர வேண்டும். நின்ற நேரத்தில் யாராவது கன்வேயருக்குள் கை நீட்டியிருக்கலாம்.

ஒலியும் போர்டும்

ஒலி, கண்ணைத் திருப்புவதற்கு மட்டுமே. ஆபத்து ஒலிக்குத்தான் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற கணக்கு பொருந்தும். ஆன்டான் அழைப்பை அந்த அளவுக்குக் கத்தவிட்டால் நாள் முழுவதும் அலறும் பசரை யாராவது துணி வைத்து அடைத்துவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஒவ்வொரு லீடரின் பகுதிக்கும் ஒரு சிறிய இசைத்துணுக்கு வையுங்கள். தன் பகுதியின் மெட்டு ஒலித்தால் அவர் மட்டும் தலை நிமிர்வார்.

மேலே தொங்கும் ஆன்டான் போர்டில் ஸ்டேஷன் எண்ணும் அழைப்பின் வகையும் இருந்தால் போதும். இன்றைய இலக்கு, முடிந்தது, மீதி என்ற எண்களை அதே போர்டில் பெரிதாகப் போடுவது வழக்கமாகிவிட்டது. தலைக்கு மேல் இலக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கயிற்றை இழுக்க ஒருவருக்குக் கை வராது; அவற்றை வேறு திரைக்கு மாற்றுங்கள். தொழிலாளியின் பெயரையோ படத்தையோ ஒருபோதும் காட்டக் கூடாது.

முதல் அழைப்பு

நான் முன்பு வேலை செய்த ஓர் உதிரிபாக ஆலையில், புதிதாக மாட்டிய பட்டன்களை இரண்டு வாரம் ஒருவரும் அழுத்தவில்லை. விளக்குகள் பச்சையாகவே எரிந்தன, மேலாளர்கள் மகிழ்ந்தார்கள், கடைசி ஆய்வில் பிழைகள் மட்டும் குறையவில்லை. ஓய்வு நேரத்தில் தேநீர் குடிக்கும்போது மெல்ல விசாரித்தேன். முதல் நாளே ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, இருபது வயதுகூட நிரம்பாத பையன், அழுத்தியிருக்கிறான். வந்தவர் எல்லோர் முன்னிலும் கேட்ட முதல் கேள்வி, “யார்டா அழுத்துனது?” என்பது. அவ்வளவுதான். அன்று மாலைக்குள் அந்த ஒரு கேள்வி எல்லா லைனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலை நீட்டிக்கப்படுமா என்று காத்திருக்கும் ஒருவன் எதற்காக இரண்டாவது முறை அழுத்துவான்?

அதன்பிறகு லீடர்களுக்கு நாங்கள் கற்பித்தது ஒரு வாக்கியம்தான். போய் நின்றதும், “சொல்லுப்பா, எங்க சிக்குது?” அல்லது “சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்” என்பதே முதல் சொல்லாக இருக்க வேண்டும், காரணம் கேட்பது பிரச்சினை தீர்ந்த பிறகு, தவறுதலாக அழுத்தியிருந்தாலும், “பரவாயில்லை, அழைச்சது நல்லது” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். லீடர்களை ஜோடியாக நிறுத்தி, ஒருவர் அழைப்பவராகவும் மற்றவர் வருபவராகவும் நடித்துப் பழகச் செய்தோம். முதலில் கூச்சப்பட்டார்கள். ஒரு மூத்த லீடர் தன் மகன் வேறோர் ஆலையில் ஒப்பந்தத்தில் நிற்பதைச் சொல்லி, அவனிடம் ஒருவர் எப்படிப் பேச வேண்டும் என்று தான் நினைப்பாரோ அப்படியே தானும் பேசுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு பயிற்சி வேறு விதமாகிவிட்டது.

தொடங்கும் நாளில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒவ்வொருவரையும் ஒருமுறை கட்டாயம் அழுத்தச் சொல்லுங்கள். லீடர் வரட்டும், நன்றி சொல்லட்டும், ரீசெட் செய்யட்டும். முதல் அழைப்பின் தயக்கம் இப்படி உடையும். முதல் மாதத்தில் அழைப்புகளின் எண்ணிக்கையை யாருடைய மதிப்பீட்டிலும் சேர்க்கக் கூடாது; ஊக்கத்தொகை லைன் நின்ற நேரத்தோடு கட்டப்பட்டிருந்தால் அதை முதலில் அவிழ்த்துவிட்டுத்தான் விளக்கைத் தொட வேண்டும்.

பதிவு

ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு நேரங்களைத் தனித்தனியே குறியுங்கள்: அழைத்ததிலிருந்து ஆள் வந்தது வரை, ஆள் வந்ததிலிருந்து தீர்ந்தது வரை. இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டால், பழுது பெரியதா, வருகை தாமதமா என்பது கடைசிவரை தெரியாது. முதல் எண் நீண்டால் ஆளும் தூரமும் காரணம்; இரண்டாவது நீண்டால் கருவியோ, உதிரிபாகமோ, பயிற்சியோ காரணம்.

வாரத்துக்கு ஒருமுறை, அதிகமாக அழைத்த ஸ்டேஷனை எடுத்து, அதிகமாக வந்த ஒரே காரணத்தை மட்டும் வேரோடு தீர்க்கப் பாருங்கள். ஏழாவது ஸ்டேஷனில் திருகாணி சும்மா சுற்றுகிறது என்றால், மாற்றித் திருகுவது லீடரின் வேலை. மரை எங்கே தேய்ந்து வருகிறது என்று பொருள் தருபவர் வரைக்கும் தேடிப்போவது பொறியாளரின் வேலை. தீர்ந்ததும் அழைத்தவரிடம் போய், நீங்கள் அழைத்தது இப்படி முடிந்தது என்று சொல்லுங்கள். கூடுதல் அழைப்புகளை இதைவிடச் சிறப்பாக வரவழைக்கும் வழி எனக்குத் தெரியாது. காரணங்கள் தீரத் தீர அழைப்புகள் குறையும். ஆனால் எதுவும் தீர்க்கப்படாமலே ஒரு ஷிஃப்டில் மட்டும் அழைப்புகள் சட்டென்று நின்றுபோனால், அன்றே அந்த ஷிஃப்டுக்குப் போய் நில்லுங்கள். அங்கே பிரச்சினைகள் தீர்ந்திருக்க வாய்ப்பில்லை. யாரோ ஒருவர் மீண்டும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டிருப்பார்.

கருவியைப் பேணுவதில் சொல்ல அதிகம் இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது லைன் லீடர் விளக்குச் சோதனைப் பட்டனை அழுத்தி எல்லா நிறமும் எரிகிறதா என்று பார்க்கட்டும்; ஏதாவது ஒரு ஸ்டேஷனின் கயிற்றை, நாளுக்கு ஒன்றாக முறைவைத்து, இழுத்துப் பார்க்கட்டும். நூற்பாலையிலும் தையல் ஆலையிலும் பஞ்சுத்தூசி விளக்கின் மேல் படிந்து ஒளியை மங்கச் செய்யும். வெல்டிங் பகுதியில் புகை படியும். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி, ஷிஃப்ட் பலகையில் லீடர்களின் பெயருக்குக் கீழேயே அதையும் ஒட்டிவையுங்கள்.